மஞ்சள் தடவிய உறை

குடவாசல்
6.10.2024

பூவிழிக்கு அம்மாயி தங்கம்மாள் எழுதுகிறேன்.

உன் மாமன் மதிவாணன் பெற்ற மூன்றும் பேர் வாங்குகின்றன. தமிழ்மாறன் குரூப் ஃபோர் பாஸாகி, நன்னிலம் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக உட்கார்ந்துவிட்டான். போன வாரம் பட்டா விஷயமாக ஒரு பெரிய பண்ணை வீட்டுக்காரர் வந்து அவன் மேசை முன்னால் நின்றாராம். அந்த வீட்டு வயலில் நான் வருஷக்கணக்காக நாற்றுப் பறித்திருக்கிறேன். இவன் "உக்காருங்க ஐயா" என்று நாற்காலி போடச் சொன்னானாம். அது என் வளர்ப்பு. செம்மொழி தஞ்சாவூரில் நர்சிங் இரண்டாம் வருஷம். ஊசி போட்டால் வலிக்கவில்லை என்று வார்டில் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். தமிழ்நிலா காலாண்டுப் பரீட்சையில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. முதலாவது வந்தவன் வாத்தியார் மகன். அதனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நீ இருக்கிறாய். உன் அம்மா ராமாயி போன பிறகு என் மடியில் வளர்ந்து, எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, கோயம்புத்தூர் காலேஜில் பாடம் நடத்துகிறாய். அஞ்சாவது படித்தவள் வீட்டில் இத்தனை.

உனக்குத் தெரியாது என்று இதை எழுதவில்லை. இதை எழுதினால் கை ஓடுகிறது. மற்றதுக்கு ஓடவில்லை.

நீ வீட்டுப் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குக் காது கேட்காது. ஆகையால் கடிதம். உன் ஹாஸ்டல் விலாசத்தைச் செம்மொழியிடம் வாங்கினேன். அவளைத் திட்டாதே.

நிச்சயதார்த்தம் நின்றதை ஊர் இன்னும் பேசுகிறது. உன் மாமன் ஒன்று கேட்கச் சொன்னான். கோயம்புத்தூரில் யாருடனாவது பழக்கம் உண்டா என்று. அவன் கேட்கச் சொன்னான், நான் கேட்டுவிட்டேன்.

பெரம்பலூர் பக்கம் ஒரு இடம் இருப்பதாகத் தரகர் சொல்கிறார். அவர்களுக்கு விஷயம் எட்டவில்லை. ரத்தம், ரிப்போர்ட் என்று எதுவும் கேட்கிற ஆட்கள் இல்லையாம். பட்டுப்புடவையில், கண்ணாடி போடாமல், ஸ்டூடியோவில் எடுத்த புது போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு.

அம்மாயி


கோயம்புத்தூர்
17.10.2024

அம்மாயிக்கு,

மாமா கேட்கச் சொன்னதற்குப் பதில்: யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அதை விசாரிக்கும் உரிமை மாமாவுக்கு இல்லை.

நிச்சயதார்த்தம் நின்றது என்று எழுதியிருக்கிறாய், ஏதோ பஸ் நின்றுபோன மாதிரி. எப்படி நின்றது என்று ஒரு வரிகூட இல்லை. நானே எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றது நான்தான். எய்ட்ஸ், மேகநோய், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி எல்லாம் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறவை. பகலவனிடம் சொன்னதும் சிரித்தார். "ஜாதகத்துக்கு இது எவ்வளவோ மேல்ங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்" என்றார். தஞ்சாவூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கொடுத்தோம். ஊசியைப் பார்க்க மாட்டேன் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிச்சயத்தன்று காலையில் அவர் திருவிடைமருதூரிலிருந்து வந்ததும், பின்கட்டில் அவர் உறையை நானும் என் உறையை அவரும் பிரிப்பதாகப் பேச்சு. ஏதாவது இருந்தால் அதற்கு மேல் என்ன என்று நாங்கள் இருவரும்தான் முடிவு பண்ணுவதாக இருந்தோம். மாமா வாங்கி வந்த என் உறை உன் கையில் இருந்தது. "காலையில நான் கேக்குறப்ப குடு அம்மாயி" என்று சொல்லிவிட்டுத்தான் புடவை கட்டப் போனேன்.

திரும்பி வந்தபோது அது தாம்பூலத் தட்டில் இருந்தது. வெற்றிலை, தேங்காய், என் டிகிரி சான்றிதழின் நகல். எல்லாவற்றுக்கும் மேலே அந்த உறை, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி. "எங்க பொண்ணு எல்லாத்துக்கும் சர்ட்டிபிகேட் வச்சிருக்கா. பிரிச்சுப் பாருங்க சம்பந்தி" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய்.

பகலவனின் பெரியப்பா இராஜாங்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் உரக்கப் படித்து, தமிழில் அர்த்தம் சொல்லியே பழக்கம். பந்தல் முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொரு வரியாகப் படித்தார். எய்ட்ஸ் இல்லை என்றார். நீ தலையை ஆட்டினாய். மேகநோய் இல்லை என்றார். அடுத்த வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அதே வரிதான். அதற்கும் அர்த்தம் சொன்னார்.

அவர்கள் கை நனைக்காமல் எழுந்து போனார்கள். தமிழ்மாறன் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றான். பகலவன் வேனில் ஏறும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருடைய உறை அங்கே இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் நான் காபி குடித்த தம்ளரை அத்தை கழுவி, ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்தார். "இது பூவிழி தம்ளர். யாரும் எடுத்துடாதீங்க" என்றார். டீக்கடையில் நம் ஆட்களுக்கென்று தனியாக வைத்திருந்த தம்ளரைத் தாத்தா தெருவில் போட்டு உடைத்ததையும், அதற்காக ஜெயிலுக்குப் போனதையும் எங்களுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொன்னவள் நீ. அன்றைக்கு அத்தைக்கு நேர் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாய். நான் மறுநாள் பஸ் ஏறினேன்.

இது சேர்ந்து சாப்பிடுவதால் வராது. ஒரே தம்ளரில் குடித்தால் வராது. என்னைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உங்க அம்மாவுக்கு இருந்துச்சா?" என்பதுதான். பெரும்பாலும் பிரசவத்தில் தாயிடமிருந்து வருவதாம். அம்மா வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிச் செத்தாள். அப்போது யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. நீயும் மாமாவும் அவர் பிள்ளைகளும் கொடுத்துப் பார்க்க வேண்டும். நீ முதலில்.

எனக்குக் கல்யாணம் நடந்தால் அவருக்குச் சொல்லித்தான் நடக்கும். அவர் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகுதான் நடக்கும். போட்டோ அனுப்ப மாட்டேன்.

பூவிழி


குடவாசல்
2.11.2024

பூவிழிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கு அறுபத்தொன்பது வயசு. நான் என்ன மணவறையில் உட்காரப் போகிறேனா, ரத்தம் கொடுக்க? ஊசி போடுகிறவள் "பாட்டிக்கு எப்ப கல்யாணம்?" என்று கேட்டால் நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வது?

மஞ்சளைப் பற்றி எழுதியிருக்கிறாய். நல்ல காரியத்துக்குத் தட்டில் வைக்கிற காகிதத்தை வெள்ளையாக வைத்தால் அது கருமாதிப் பத்திரிகை. அதுகூடத் தெரியாதவளா நான்? இந்த வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் நாலு பேர் முன்னால் படிக்கச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். உன் பத்தாம் வகுப்பு மார்க்கை வாசலில் நின்று நீதான் படித்தாய். தமிழ்மாறன் வேலை உத்தரவை அவனே படித்தான், தெருவே கேட்டது. எந்தக் காகிதத்துக்கும் நாம் தலை குனிந்ததில்லை. இதற்கு மட்டும் குனிவோம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ சொன்னாயா? காலையில் கேட்கிறேன் என்றுதானே சொன்னாய்.

உன் அம்மாவை இதில் இழுக்காதே. பதினெட்டு வருஷமாக மண்ணுக்குள் இருக்கிறாள். அவள் ஒழுக்கமானவள்.

தம்ளரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

உன் மாமன் சுவரில் இருந்த உன் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டான். மற்ற மூன்றும் இருக்கின்றன. உன் இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. அத்தை அதில் சல்லடையை மாட்டுகிறாள். நான் எடுத்து வைக்கிறேன், அவள் திரும்பவும் மாட்டுகிறாள்.

சம்பா நடவு முடிந்தது. ஆள் கிடைக்கவில்லை. மெஷின் வைத்து நட்டார்கள். பக்கத்து வீட்டில் நம் வீட்டு மோர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். தமிழ்மாறனுக்குப் பார்க்கிற பெண் வீட்டார், "நீங்கதான் பரிசோதனை பார்க்கிற குடும்பமாச்சே, மாப்பிள்ளை ரிப்போர்ட் எங்கங்க?" என்று கேட்டார்கள். கேலியா நிஜமா தெரியவில்லை. அவன் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். ஒன்றும் இல்லையாம். பெருமைப்பட வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.

தரகர் மறுபடி வந்தார். ஒரு போட்டோவுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது.

அம்மாயி


கோயம்புத்தூர்
24.11.2024

அம்மாயிக்கு,

இது ஒழுக்கத்தைப் பற்றிய பரிசோதனை இல்லை. அம்மா ஒழுக்கமானவள் என்று நீ எழுதியதும், நான் யாரையும் தொட்டதில்லை என்று எழுத நினைத்து எழுதாமல் விட்டதும் ஒன்றுதான். இரண்டும் தேவையில்லை.

எனக்கு இப்போது மாத்திரை வேண்டாமாம். கல்லீரல் நன்றாக இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு யாராவது இப்படிப் பார்த்திருந்தால் இருந்திருப்பாளோ என்னவோ. தெரியாது.

பகலவன் இரண்டு தடவை பேசினார். முதல் ஊசி போட்டுக்கொண்டதாக ஒரு தடவை. இரண்டாவதும் போட்டாயிற்று, கை வீங்கியிருக்கிறது என்று ஒரு தடவை. மூன்றாவது மார்ச்சில். "அதுக்கப்புறம் வீட்டுல பேசிப் பாக்குறேன்" என்றார். சரி என்றேன். பிறகு போன் இல்லை. நானும் பண்ணவில்லை.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வகுப்புக்குப் போகிறேன். சாப்பிடுகிறேன். நேற்று லேபில் ஒரு பெண் அமிலத்தைச் சிந்திவிட்டுக் கத்தினாள். நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன். அவள் கையைக் குழாயில் பிடித்துக்கொண்டு நின்றேன். "மேடம், உங்களுக்குப் பயமே இல்லையா?" என்றாள். பயமில்லை என்பது சரிதான். வேறு எதுவும்கூட இல்லை.

எனக்கு உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. ரத்தம் கொடு. கொடுக்காமல் கடிதம் போட்டால் நான் பிரிக்க மாட்டேன்.

பூவிழி


குடவாசல்
3.1.2025

பூவிழிக்கு,

பிரித்திருக்கிறாய். நல்லது. கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தஞ்சாவூருக்குச் செம்மொழிதான் கூட்டிப் போனாள். வீட்டில் கண் ஆஸ்பத்திரி என்று சொன்னோம். ரத்தம் எடுத்த பெண் கல்யாணத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நரம்பு கிடைக்கவில்லை என்று என் கையைத் தேய்த்துக்கொண்டே, "வயல் வேலை பார்த்த கையாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போனோம். எனக்கு இருக்கிறது.

டாக்டர் சின்னப் பிள்ளை, தமிழ்மாறன் வயசு. எத்தனை பிரசவம் என்று கேட்டார். நாலு, இரண்டு தங்கியது என்றேன். "உங்ககிட்ட இருந்து மகளுக்கு, மகள்கிட்ட இருந்து பேத்திக்குப் போயிருக்கலாம். இப்ப உறுதியா சொல்ல முடியாது பாட்டி. எப்படி ஆனாலும் உங்க தப்பு இல்ல" என்றார். தப்பா என்று நான் கேட்கவில்லை. எனக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்றார். இத்தனை வருஷம் என்னை ஒன்றும் செய்யாமல் எப்படி இருந்தது என்றேன். சிலருக்கு அப்படித்தான் என்றார். ராமாயிக்கு ஏன் அப்படி இல்லை என்று கேட்க வாயெடுத்தேன். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் செம்மொழி என் முகத்தையே பார்த்தாள். "அப்பாயி, அழுவுறியா?" என்றாள். "பஸ் எப்ப வரும்னு பாருடி" என்றேன். கடலை வாங்கிக் கொடுத்தாள். தின்றேன்.

உன் மாமனையும் தமிழ்நிலாவையும் கொடுக்கச் சொல்ல வேண்டும். எதைச் சொல்லிச் சொல்வது என்று யோசிக்கிறேன். காகிதம் என் தலையணை உறைக்குள் இருக்கிறது.

ராமாயி பிறந்தபோது சம்பா அறுப்பு. மூன்றாம் நாளே அவளைத் துணியில் சுற்றி வரப்பு மரத்தடியில் போட்டுவிட்டு அறுக்கப் போனேன். பால் நிறைய இருந்தது. கொழுகொழு என்று இருந்தாள். எல்லாம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

இந்தத் தடவை போட்டோ கேட்கவில்லை.

அம்மாயி


கோயம்புத்தூர்
11.1.2025

அம்மாயிக்கு,

செம்மொழி என்னிடம் சொல்லவில்லை. உன் கடிதத்தில்தான் தெரிந்தது. அவள் நல்ல நர்ஸாக வருவாள்.

பால் கொடுத்ததால் அது வரவில்லை. அந்தக் கணக்கைப் போடாதே. பிரசவத்தில்தான். இப்போது குழந்தை பிறந்த உடனேயே ஊசி போட்டுத் தடுத்துவிடுகிறார்கள். அம்மா பிறந்தபோது அந்த ஊசி எங்கேயும் இல்லை. நான் பிறந்தபோது இருந்தது. நம் ஊருக்கு வரவில்லை.

டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருப்பார். அதையும் எடு.

வீட்டில் சொல் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லாதே என்றும் சொல்ல மாட்டேன். அது உன் காகிதம். எப்போது, யார் முன்னால் பிரிப்பது என்பது உன் இஷ்டம். எனக்கு அது கிடைக்கவில்லை. உனக்காவது இருக்கட்டும்.

பொங்கலுக்கு வரவில்லை. விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கிறது. அது பொய். வர முடியவில்லை.

பூவிழி


குடவாசல்
26.1.2025

பூவிழிக்கு,

தமிழ்மாறனுக்கு வலங்கைமானில் பெண் அமைந்துவிட்டது. பெண் பி.எட். முடித்தவள். செம்மொழிக்குப் பரீட்சை முடிந்தது, முதல் வகுப்பு வரும் என்கிறாள். தமிழ்நிலா அரையாண்டில் முதலாவது. வாத்தியார் மகனுக்குக் காய்ச்சலாம், இருந்தாலும் முதலாவது முதலாவதுதான்.

மாட்டுப் பொங்கலன்று எல்லோரும் வாசலில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் மாட்டுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். தலையணை உறையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். மஞ்சள் குழைத்து நாலு மூலையிலும் தடவினேன். தமிழ்மாறனிடம் கொடுத்து, "படிடா" என்றேன். அவன் பார்த்துவிட்டு, "இத உள்ள வச்சுப் பாத்துக்கலாம் அப்பாயி" என்றான். "இந்த வீட்டுல எந்தக் காகிதத்தை உள்ள வச்சுப் படிச்சிருக்கோம்? சத்தமா படி. அர்த்தமும் சொல்லு" என்றேன்.

படித்தான். முதலில் பெயர், தங்கம்மாள், வயது. எய்ட்ஸ் இல்லை. மேகநோய் இல்லை. அடுத்த வரியில் அவன் நிற்கவில்லை. அது நல்ல பிள்ளை.

பக்கத்து வீட்டுக்காரி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உன் மாமன் உள்ளே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "என்னைக்கும்மா போகணும்?" என்று மட்டும் கேட்டான். போனான். அவனுக்கு இல்லை. பிள்ளைகளுக்கும் இல்லை. இல்லாதவர்களுக்கு முதல் ஊசி போட்டாயிற்று, அத்தைக்கும்.

சாயங்காலம் அத்தை காபி போட்டாள். எனக்கு எதில் ஊற்றுவது என்று தெரியாமல் அடுப்படியில் நின்றாள். நான் எழுந்து போய், ஜன்னல் ஓரம் இருந்த உன் தம்ளரை எடுத்தேன். அலமாரியில் இருந்த எல்லாத் தம்ளரையும் எடுத்தேன். ஒன்றாகப் போட்டுக் கழுவி ஒன்றாகக் கவிழ்த்தேன். எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை. எது உன்னுடையது என்று இனிமேல் எனக்கே தெரியாது. அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைக்குக் கிடைத்ததில் ஊற்றிக் கொடுத்தாள். இதை அன்றைக்கே செய்திருக்கலாம். வெங்காயம் உரித்தேன்.

இன்னொன்று. நான் மறைத்தாலும் வேறு யார் மூலமாவது உனக்குத் தெரியவரும். அதனால் எழுதுகிறேன். திருவிடைமருதூர் வீட்டில் தையிலேயே பகலவனுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. பெண் மாயவரம் பக்கம். கோயில் மண்டபத்தில் நடந்ததாம். அந்தப் பெண்ணும் பரிசோதனை செய்துகொண்டாளாம். இரண்டு உறையையும் அவர்கள் இருவர் மட்டும் தனியாக உட்கார்ந்து பிரித்தார்களாம். பெரியவர்கள் யாரும் கேட்கக் கூடாது என்று பகலவன் சொல்லிவிட்டானாம். இராஜாங்கம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். அந்த மூன்றாவது ஊசியை அவன் போட்டுக்கொள்வானா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

தரகரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் பட்டமளிப்புப் படத்தைப் பரணிலிருந்து உன் மாமனே இறக்கினான். எலி கடித்திருக்கிறது. ஒரு பக்கம் தொப்பியும் காதும் இல்லை. அதை மாட்ட எனக்கு மனசில்லை. ஆணி அப்படியே இருக்கிறது. சல்லடைக்கு அத்தை வேறு ஆணி அடித்துக்கொண்டாள்.

புதுசாக ஒன்று எடுத்து அனுப்பு. பட்டுப்புடவை வேண்டாம். காலேஜில் போடுகிற வெள்ளைக் கோட்டோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு எடு. சிரிப்பு வராவிட்டால் சிரிக்காதே. செம்மொழி போனில் காட்டுவது என் கண்ணுக்குச் சின்னதாக இருக்கிறது. பெரிதாகக் கழுவி, மடங்காமல் இரண்டு பக்கமும் அட்டை வைத்துத் தபாலில் போடு. உறையை நான் மட்டும்தான் பிரிப்பேன்.

அம்மாயி